ரேஸிங் ஹார்னஸ்: எதை வாங்குவது என்பதற்கு முன் எங்கே கட்டுவது

பந்தயத் தடத்துக்குத் தன் காரைக் கொண்டுபோகத் தொடங்கிய ஒருவர், டயருக்கும் பிரேக் பேடுக்கும் அடுத்தபடியாக வாங்க நினைக்கும் பொருள் பெரும்பாலும், உடலைப் பல பட்டைகளால் சீட்டோடு இறுக்கிக் கட்டும் ரேஸிங் ஹார்னஸாகத்தான் இருக்கும். வேகமாக வளைவில் திரும்பும்போது உடல் சரியாமலிருக்க ஸ்டீயரிங்கைப் பிடித்துத் தொங்குவதும், முழங்காலைக் கதவில் முட்டுக்கொடுப்பதும் ஓட்டுநருக்கு உண்மையான தொல்லைகள். ஹார்னஸ் அவற்றைத் தீர்க்கிறது என்பதிலும் ஐயமில்லை. ஆனால் உடலைச் சீட்டோடு அசையாமல் பிடித்துவைப்பது வேறு, மோதலில் உயிரைக் காப்பது வேறு. வாங்கப் போகிறவர்கள் நான்கு முனையா ஆறு முனையா, பட்டையின் அகலம் இரண்டு அங்குலமா மூன்று அங்குலமா என்றே கேட்கிறார்கள். அவற்றுக்கும் பதில் உண்டு என்றாலும் அவை இரண்டாம் கட்டக் கேள்விகள். தோள் பட்டைகளைக் காரின் எந்த உறுப்பில், எந்தக் கோணத்தில் கட்டப் போகிறோம் என்பது முடிவாகும்வரை எந்த ஹார்னஸையும் தேர்ந்தெடுத்துவிட்டதாகச் சொல்ல முடியாது. அரைகுறையாகப் பொருத்திய ஆறு முனை ஹார்னஸைவிடக் காரோடு வந்த சீட் பெல்ட்டே மேல் என்பதுதான் இக்கட்டுரையின் நிலைப்பாடு.

ஆகவே ஒப்பீட்டை அந்தச் சீட் பெல்ட்டிலிருந்தே தொடங்குவது முறை. வால்வோ நிறுவனத்தின் பொறியாளர் நில்ஸ் போலின் 1959-இல் உருவாக்கிய மும்முனை பெல்ட், ஒரே பட்டையால் இடுப்பையும் மார்பையும் சேர்த்துப் பிடிக்கிறது. இன்றைய கார்களில் அதனோடு வேறு சில உறுப்புகளும் கூட்டுச் சேர்ந்திருக்கின்றன. மோதலின் முதல் கணத்திலேயே ப்ரீடென்ஷனர் பட்டையின் தொய்வை இழுத்துக்கொள்கிறது. இழுவிசை ஓரளவைத் தாண்டியதும் லோட் லிமிட்டர் பட்டையைச் சிறிது சிறிதாக விட்டுக்கொடுக்கிறது. அப்படி முன்னே வரும் மார்பையும் தலையையும் ஏர்பேக் வாங்கிக்கொள்கிறது. மெத்தைக்கு அடியில் முன்பக்கம் உயர்ந்திருக்கும் தகடு, இடுப்பு முன்னோக்கி வழுக்குவதைத் தடுக்கிறது. இவை அனைத்தும் ஒன்றையொன்று நம்பி வடிவமைக்கப்பட்டவை என்பதால், ஒன்றை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வேறொன்றை வைக்கும்போது மற்றவற்றின் கணக்கும் மாறிவிடுகிறது.

ஹார்னஸின் வழி வேறு. அது இரு தோள்களையும் இடுப்பையும் தனித்தனிப் பட்டைகளால் இறுக்கி, உடலைச் சீட்டின் ஒரு பகுதியாகவே ஆக்கிவிடுகிறது. மோதலின் விசை இரு தோள்களிலும் இடுப்பெலும்பின் இரு பக்கங்களிலும் பரவுவதால் விலா எலும்புகளின் மேல் விழும் சுமை குறைகிறது. ஆனால் தலையைப் பிடிக்க எதுவும் இல்லை. மார்பு சட்டென நின்றுவிட, ஹெல்மெட்டின் எடையையும் சேர்த்துச் சுமந்த தலை முன்னே பாய, இடையில் இருக்கும் கழுத்தே முழு விசையையும் தாங்க வேண்டியதாகிறது. மண்டையோட்டின் அடிப்பகுதி முறிவு என்று மருத்துவம் குறிப்பிடும் காயம் பல பந்தய ஓட்டுநர்களின் உயிரைப் பறித்ததன் காரணம் இதுதான். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ராபர்ட் ஹப்பர்டும், அவருடைய மைத்துனரும் பந்தய ஓட்டுநருமான ஜிம் டவுனிங்கும் 1980-களில் உருவாக்கிய ஹான்ஸ் கருவி, தோள் பட்டைகளுக்கு அடியில் அமர்ந்து ஹெல்மெட்டை வார்களால் பின்னோக்கிப் பிடித்துக்கொள்வதன் மூலம் இந்த விசையைக் கழுத்திலிருந்து தோள் பட்டைகளுக்கு மாற்றுகிறது. ஃபார்முலா ஒன் பந்தயங்களில் 2003 முதல் அது கட்டாயமானது. ஆகவே ஹார்னஸுக்கு ஒதுக்கும் தொகையிலேயே ஹெல்மெட்டும் கழுத்துக் காப்புக் கருவியும் அடங்க வேண்டும். அவற்றைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுவதைவிட ஹார்னஸையே தள்ளிப்போடுவது நல்லது.

கார் உருளும் விபத்தில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. மும்முனை பெல்ட் அணிந்தவரின் மேலுடல், கூரை நசுங்கி இறங்கும்போது பக்கவாட்டில் சாய்வதற்குச் சிறிது இடம் உண்டு. ஹார்னஸ் அணிந்தவர் நிமிர்ந்தபடியே நிற்கிறார். அவருக்கு மேலே கூரையைத் தாங்கும் இரும்புக் குழாய் வளைவான ரோல் பார் இல்லையென்றால் இறங்கும் கூரையைத் தாங்குவது அவர் தலைதான். அதனால் ஹார்னஸோடு ரோல் பாரும் வர வேண்டும். அப்படி ரோல் பார் வந்துவிட்டால், ஹெல்மெட் இல்லாமல் அந்தக் காரைச் சாலையில் ஓட்டும் நாள்களில் தலைக்கு அருகே ஓர் இரும்புக் குழாய் இருக்கும் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். சுற்றிக் கட்டும் கெட்டியான திண்டு ஓரளவு உதவும்; ஆனால் தலை எட்டும் தொலைவில் குழாய் இருக்கும் காரை அன்றாடப் பயணத்துக்கு வைத்துக்கொள்வது சரியான ஏற்பாடு ஆகாது.

இந்தப் பின்னணியில், ஆண்டுக்குச் சில முறை மட்டும் தடத்துக்குப் போய் அதே காரில் வீடு திரும்புகிறவருக்கு நேர்மையான பரிந்துரை, இருக்கும் பெல்ட்டை வைத்துக்கொள்வதுதான். சீட்டைச் சற்றுப் பின்னே தள்ளி, பெல்ட்டைச் சட்டென இழுத்துப் பூட்டச் செய்துவிட்டு, பட்டை தளராதபடி சீட்டை மீண்டும் முன்னே கொண்டுவந்தால் இடுப்பும் மார்பும் வியப்பூட்டும் அளவுக்கு இறுகிவிடும். பக்கவாட்டு அணைப்பு நன்றாக உள்ள சீட் ஒன்றும் சேர்ந்தால் வளைவுகளில் சரியும் தொல்லை பெரும்பாலும் தீர்ந்துவிடும். இது கவர்ச்சியான தீர்வு அல்லதான். ஆனால் ஏர்பேக், ப்ரீடென்ஷனர், கூரை ஆகியவற்றின் கணக்கில் எதையும் இது கலைப்பதில்லை.

இனி ஹார்னஸ் வகைகளுக்கு வரலாம். நான்கு முனை ஹார்னஸ் என்பது இரண்டு தோள் பட்டைகளும் இரண்டு இடுப்புப் பட்டைகளும் நடுவில் ஒரு பக்கிளில் சேர்வது. பார்ப்பதற்கு எளிமையானது, சீட்டில் துளை எதுவும் வேண்டாதது, அதனாலேயே அதிகம் வாங்கப்படுவது. அதன் குறை மோதலில்தான் தெரியும். உடல் முன்னே பாயும்போது தோள் பட்டைகள் விசையை ஏற்று, தாங்கள் இணைந்திருக்கும் பக்கிளை மேலே இழுக்கின்றன. பக்கிளோடு இடுப்புப் பட்டையும் இடுப்பெலும்பை விட்டு ஏறி வயிற்றின் மென்மையான பகுதிக்கு வந்துவிடுகிறது. அதே கணத்தில் இடுப்பு, பட்டைக்கு அடியில் முன்னோக்கி வழுக்குகிறது. சப்மரீனிங் எனப்படும் இந்த நிகழ்வில் குடல், கல்லீரல், மண்ணீரல் ஆகியவையும் கீழ் முதுகெலும்பும் காயப்படுகின்றன. எலும்பு தாங்க வேண்டிய சுமையை வயிறு தாங்கும்படி ஆகிறது என்பதே இதன் சுருக்கம். சாதாரண நான்கு முனை ஹார்னஸை எந்த நோக்கத்துக்கும் பரிந்துரைக்க எனக்குக் காரணம் எதுவும் தெரியவில்லை.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. ஜெர்மனியின் ஷ்ரோத் நிறுவனம், காரின் நடுப்பக்கமாக வரும் தோள் பட்டையில் மட்டும் மடித்துத் தைத்த ஒரு பகுதியை வைத்து நான்கு முனை ஹார்னஸ் தயாரிக்கிறது. மோதலில் அந்தத் தையல் கட்டுப்பாடாகப் பிரிந்து பட்டை சற்று நீள்வதால், உட்புறத் தோள் முன்னே வந்து மேலுடல் லேசாகத் திரும்புகிறது. மும்முனை பெல்ட்டில் நிகழும் அசைவுக்கு நெருக்கமான அந்தத் திருப்பத்தால் இடுப்புப் பட்டை தன் இடத்திலேயே நிற்கிறது. குறிப்பிட்ட கார்களின் அசல் சீட்டோடும் அசல் கொக்கிகளோடும் பொருத்துவதற்கென்றே இவை வடிவமைக்கப்பட்டவை. அந்தப் பட்டையை இடம் வலம் மாற்றிப் பொருத்திவிட்டால் பயன் போய்விடும் என்பதையும், தன் காரும் சீட்டும் நிறுவனத்தின் பொருத்தப் பட்டியலில் உள்ளனவா என்பதையும் வாங்குபவர் முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஐந்து முனை ஹார்னஸில் தொடைகளுக்கு இடையே கீழே இறங்கும் ஒற்றைக் கவட்டுப் பட்டை சேர்கிறது. அது பக்கிளைக் கீழே பிடித்துவைப்பதால் இடுப்புப் பட்டை மேலேறுவதில்லை. குறை என்னவென்றால், பெரிய மோதலில் அந்த ஒற்றைப் பட்டையின் விசை உடலின் எந்த இடத்தில் விழும் என்பதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. ஆறு முனை ஹார்னஸில் கவட்டுப் பட்டை இரண்டாகப் பிரிந்து, தொடைகளின் உட்புறமாகச் சற்றுப் பின்னோக்கிச் சென்று தரையில் முடிகிறது. இரண்டும் சேர்ந்து பக்கிளைக் கீழே பிடிப்பதோடு, இடுப்பு முன்னே நகர்வதையும் நேரடியாகத் தடுக்கின்றன. சீட்டில் அதற்கான துளை இருந்து, புதிதாக வாங்குவதாகவும் இருந்தால் ஐந்துக்கும் ஆறுக்கும் இடையே நெடிய யோசனை வேண்டியதில்லை, ஆறுதான்.

தோள் பட்டைகளைப் பின்னால் எங்கே கட்டுவது என்பதில்தான் பெரும்பாலான ஏற்பாடுகள் பிழையாகின்றன. உலக மோட்டார் பந்தயங்களை நெறிப்படுத்தும் அமைப்பான எஃப்ஐஏவின் பாதுகாப்பு விதிகள், தோள் பட்டைகள் முதுகுச்சாய்வின் மேல் விளிம்பிலிருந்து பின்னோக்கிச் செல்லும்போது கிடைமட்டத்துக்குக் கீழே 45 பாகைக்கு மேல் இறங்கக் கூடாது என்றும், 10 பாகையைத் தாண்டாமல் இருப்பதே விரும்பத்தக்கது என்றும் கூறுகின்றன. ஹான்ஸ் போன்ற கருவி அணிபவர்களுக்கு, கிடைமட்டத்திலிருந்து 20 பாகை இறக்கம் வரை என்பது நடைமுறை எல்லை. இந்த எண்களின் பின்னே எளிய கணக்கு ஒன்று இருக்கிறது. பட்டையில் ஏற்படும் இழுவிசையில், தோளைக் கீழ்நோக்கி அழுத்தும் பங்கு 10 பாகையில் சுமார் 17 சதவீதம். 20 பாகையில் 34 சதவீதம். 45 பாகையிலோ 70 சதவீதத்தைத் தாண்டிவிடுகிறது. 75 கிலோ எடையுள்ள ஒருவர் புவியீர்ப்பைப் போல் 30 மடங்கு வேகக்குறைப்புக்கு உள்ளாகும்போது அவரைத் தடுத்து நிறுத்தத் தேவையான விசை 2 டன் எடைக்கும் அதிகம். அதில் தோள் பட்டைகளின் பங்கில் பெரும் பகுதி முதுகெலும்பை மேலிருந்து கீழாக நசுக்கினால் என்ன ஆகும் என்பதை ஊகிக்கலாம்.

ரோல் பார் வைக்க மனமில்லாதவர்கள் முதலில் நாடுவது பின்சீட்டின் பெல்ட் கொக்கிகளை. போல்ட் துளை தயாராக இருக்கிறது, உறுதியும் சோதிக்கப்பட்டது என்பதால் அந்த எண்ணம் இயல்பானதே. ஒரு நூலையும் கோண அளவியையும் எடுத்துக்கொண்டு பார்த்தால் நிலவரம் தெரியும். ஓட்டுநர் சீட்டில் அமர்ந்திருக்க, தோளின் உயரத்திலிருந்து பின்கொக்கி வரை நூலை இழுத்துப் பிடிக்க வேண்டும். கொக்கி தோளைவிட 55 சென்டிமீட்டர் தாழ்வாகவும், 90 சென்டிமீட்டர் பின்னாலும் இருந்தால் கோணம் 31 பாகை. விதியின் எல்லைக்குள்தான், ஆனால் விரும்பத்தக்க அளவுக்கு மூன்று மடங்கு. அதே கொக்கி 60 சென்டிமீட்டர் தொலைவிலேயே இருந்தால் 42 பாகையைத் தாண்டிவிடும். அதே 90 சென்டிமீட்டர் தொலைவில் 10 பாகைக்குள் அடக்க வேண்டுமானால் கொக்கி தோளுக்குக் கீழே 16 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். தரையில் அப்படி ஓர் இடம் எந்தக் காரிலும் இராது. போதாக்குறைக்கு, பட்டை நீள நீள மோதலில் அது நீட்சியடையும் அளவும் கூடும். அந்த நீட்சி முழுவதும் தலை ஸ்டீயரிங்கை நோக்கி முன்னேறும் தூரமாகக் கணக்கில் சேரும். முன்சீட்டுக்கு நேர் பின்னே தரையில் துளையிட்டுக் கட்டுவது பற்றிப் பேசவே வேண்டியதில்லை.

அடுத்தது ஹார்னஸ் பார். இரு பக்கத்து நடுத்தூண்களிலும் சீட் பெல்ட்டின் மேல் கொக்கி இருக்கும் இடத்தில் போல்ட் போட்டு, குறுக்கே ஒரு குழாயை நிறுத்துவது. தோள் உயரத்துக்கு அருகே பட்டைகளைக் கட்ட இடம் கிடைப்பதால் கோணப் பிரச்சினை தீர்கிறது. ஆனால் அந்தக் கொக்கிகள் ஒரு பெல்ட்டின் மேல் முனையைத் தாங்குவதற்காக அமைந்தவை. குழாயின் நடுப்பகுதியில் இழுக்கும் நான்கு தோள் பட்டைகளின் சுமையை, வளைவு விசையோடு சேர்த்துத் தாங்குவதற்காக அல்ல. கார் உருண்டால் இந்தக் குழாய் கூரையைத் தாங்கப் போவதுமில்லை. சோதித்துச் சான்று பெற்ற தயாரிப்பாக இருந்தால் அதைப் பின்சீட்டுக் கொக்கியைவிட மேலானதாகவும் ரோல் பாரைவிடத் தாழ்ந்ததாகவும் வைக்கலாம். சான்று இல்லாத குழாயை அலங்காரப் பொருளாகவே கருத வேண்டும்.

மூன்றாவதான ரோல் பாரோ, அதையே கூண்டாக விரித்த ரோல் கேஜோதான் ஹார்னஸுக்கு உரிய இடம். தோள் உயரத்தில் அதன் குறுக்குக் குழாய் வெல்டிங் செய்யப்பட்டிருக்கும். எஃப்ஐஏ விதிகளின்படி தோள் பட்டைகளைக் கட்டும் குறுக்குக் குழாய் குறைந்தது 38 மில்லிமீட்டர் விட்டமும் 2.5 மில்லிமீட்டர் சுவர்க் கனமும், அல்லது 40 மில்லிமீட்டர் விட்டமும் 2 மில்லிமீட்டர் கனமும் உள்ள, இணைப்பில்லாத கார்பன் எஃகுக் குழாயாக இருக்க வேண்டும். பட்டைகள் தோளிலிருந்து இந்தக் குழாய்க்கு உட்புறமாகவோ வெளிப்புறமாகவோ 20 பாகைக்கு மேல் விரியவும் கூடாது, குறுகவும் கூடாது.

குழாயில் பட்டையைச் சுற்றிக் கட்டும் முறையைச் சற்று நெருங்கிப் பார்ப்பது தகும், ஏனெனில் சிறிய கவனக்குறைவு இங்கேதான் பெரிதாகிறது. பட்டையின் முனையை, மூன்று குறுக்குத் தண்டுகள் கொண்ட எஃகு அட்ஜஸ்டரின் ஓர் இடைவெளி வழியே மேலே இழுத்து, நடுத்தண்டின் மேலாகக் கொண்டுபோய் அடுத்த இடைவெளியில் இறக்கி, குழாயைச் சுற்றிக்கொண்டு திரும்பி வந்ததும் அதே பாதையில் மறுபடியும் இழுக்க வேண்டும். திரும்பும் பட்டை முதல் சுற்றின் மேலேயே படிந்து மீண்டும் நடுத்தண்டைக் கடந்தால்தான், இழுவிசை ஏற ஏற மேல் பட்டை கீழ்ப் பட்டையை அமுக்கிப் பூட்டிக்கொள்ளும். ஒரே ஒரு முறை நுழைத்துவிட்டால் கையால் இழுக்கும்போது உறுதியாகத்தான் தோன்றும். மோதலில் வழுக்கிக் கழன்றுவிடும். அட்ஜஸ்டர் குழாயை ஒட்டியே இருக்க வேண்டும். வெளியே நிற்கும் முனை குறைந்தது 10 சென்டிமீட்டராவது மிஞ்ச வேண்டும். பட்டை குழாயின் நெடுக நகராதபடி இருபுறமும் வளையங்களோ வழிகாட்டித் தகடுகளோ வேண்டும்.

பட்டையின் அகலம் முழுவதும் சமமாக இழுபடுவது ஏன் முக்கியம் என்பதற்கு அமெரிக்கப் பந்தய ஓட்டுநர் டேல் ஏர்ன்ஹார்ட்டின் விபத்தைச் சொல்வார்கள். 2001 பிப்ரவரி 18 அன்று டேடோனா பந்தயத்தின் கடைசிச் சுற்றில் அவர் மண்டையோட்டின் அடிப்பகுதி முறிந்து இறந்தார். பந்தயத்தை நடத்தும் நாஸ்கார் அமைப்பு அதே ஆண்டு ஆகஸ்டில் வெளியிட்ட விசாரணை முடிவு, அவருடைய இடப்பக்க இடுப்புப் பட்டை அறுந்திருந்ததையும், பட்டை அட்ஜஸ்டரின் ஒரு மூலையில் குவிந்ததால் விசை ஓர் ஓரத்திலேயே விழுந்ததையும் குறிப்பிட்டது. பெல்ட்டைத் தயாரித்தவர் தரப்போ பொருத்திய முறைதான் தவறு என்று வாதிட்டது. யார் சொன்னது சரி என்பது இங்கே நமக்குத் தேவையில்லை. அட்ஜஸ்டரும் கொக்கித் தகடும் பட்டையின் இழுதிசைக்கு நேராகத் திரும்பி நிற்காவிட்டால் பட்டை ஓரமாகக் குவியும் என்பதே நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது.

இடுப்புப் பட்டைகளுக்கு அதே பாடம் பொருந்தும். நிமிர்ந்து அமரும் சீட்டில் அவை பக்கவாட்டிலிருந்து பார்க்கும்போது கிடைமட்டத்துக்கு 45 முதல் 60 பாகை வரையிலான கோணத்தில் கீழ்நோக்கிப் பின்னே செல்ல வேண்டும். கோணம் தட்டையானால் பட்டை வயிற்றின் மேல் ஏறும். உடலை இருபுறமும் அணைத்துப் பிடிக்கும் பக்கெட் சீட்டின் பக்கத் துளை வழியே வரும் பட்டை துளையின் விளிம்பில் உராயக் கூடாது. சீட்டின் வெளிப்புறத்தைச் சுற்றி வளைந்தும் வரக் கூடாது. முனைத் தகடு போல்ட்டின் மேல் தளர்வாகச் சுழன்று இழுதிசையைத் தானே தேடிக்கொள்ளும்படி இருக்க வேண்டும்; இறுக்கி அசையாமல் வைத்தால் தகடு முறுகும். பட்டை சீட்டின் தண்டவாளத்தையும் கூரிய உலோக விளிம்புகளையும் தொடாமல் போகிறதா என்று, சீட்டில் ஆள் அமர்ந்திருக்கும்போதே பார்க்க வேண்டும். ஆளில்லாத சீட்டில் பட்டை வேறு வழியில் கிடக்கும்.

புதிதாகத் துளையிட்டுக் கட்டும் இடங்களுக்கு விதி தெளிவாக இருக்கிறது: ஒவ்வொன்றின் அடியிலும் குறைந்தது 40 சதுர சென்டிமீட்டர் பரப்பும் 3 மில்லிமீட்டர் கனமும் உள்ள எஃகுத் தகடு வேண்டும். தோள், இடுப்புப் பட்டைகளின் ஒவ்வொரு பிடிப்பும் 1470 டெக்காநியூட்டன், அதாவது சுமார் ஒன்றரை டன் விசையையும், கவட்டுப் பட்டையின் பிடிப்பு 720 டெக்காநியூட்டனையும் தாங்க வேண்டும். காரின் தரைத் தகடு ஒரு மில்லிமீட்டரை ஒட்டிய கனமே உள்ளது. வாஷர் மட்டும் போட்டு இறுக்கினால் போல்ட், வாஷரோடு தகட்டைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிடும். பட்டைகளைச் சீட்டிலோ சீட்டைத் தாங்கும் கால்களிலோ கட்டுவதை அதே விதிகள் தடை செய்கின்றன, ஏனெனில் சீட் பெயர்ந்தால் பட்டையும் கூடவே போய்விடும்.

போல்ட்டுகளில் 8.8 என்ற வலிமைத் தரத்துக்குக் குறைந்தது எதுவும் கூடாது. இங்கே எளிதில் கண்ணுக்குத் தப்பும் ஓர் ஆபத்து இருக்கிறது. பல கார்களின் சீட் பெல்ட் போல்ட் 7/16 அங்குல விட்டமும், அங்குலத்துக்கு 20 மரையும் கொண்டது; அதன் மரை இடைவெளி 1.27 மில்லிமீட்டர். 12 மில்லிமீட்டர் நட்டுகளில் நுண்மரை வகைக்கு அந்த இடைவெளி 1.25 மில்லிமீட்டர். இரண்டும் இவ்வளவு நெருக்கமாக இருப்பதால், 11.1 மில்லிமீட்டரே உள்ள அங்குல போல்ட் அந்த நட்டுக்குள் கையாலேயே வழுக்கிக்கொண்டு போகும். சரியான ஜோடிதான் என்ற எண்ணத்தையும் கொடுக்கும். உண்மையில் மரைகளின் நுனிகள் மட்டுமே கவ்வியிருக்கும். ஹார்னஸோடு வந்த போல்ட்டும் காரின் நட்டும் ஒரே குடும்பமா என்பதை அளந்து உறுதிசெய்யாமல் இறுக்கக் கூடாது. தலையில் வளையம் உள்ள ஐ போல்ட்டில் மாட்டும் ஸ்னாப் கொக்கிகளைத் தேர்ந்தெடுத்தவர்கள், கொக்கியின் நாக்கு தானாகத் திறந்துவிடாதபடி அதன் துளையில் காட்டர் பின் செருக மறக்கக் கூடாது. அடிக்கடி கழற்ற வேண்டிய தேவை இல்லாதவர்களுக்கு நேரடியாக போல்ட் போடும் முனையே மேல்.

சீட்டைப் பற்றி ஒரு சொல். அசல் சீட்டின் சாயும் முதுகு, பக்கவாட்டில் வழிகாட்டி இல்லாத தலைச்சாய்வு, கவட்டுப் பட்டைக்குத் துளையில்லாத மெத்தை ஆகிய மூன்றும் ஆறு முனை ஹார்னஸுக்குப் பொருந்தாதவை. தலைச்சாய்வின் கம்பிகளைச் சுற்றிப் பட்டைகளை விட்டால் அவை தோளை விட்டு வெளியே நழுவும். ஆகவே தோள் துளையும் கவட்டுத் துளையும் கொண்ட, சாயாத பக்கெட் சீட் இந்தத் தேர்வின் பிரிக்க முடியாத பகுதி. தோள் துளைகள் ஓட்டுநரின் தோளுக்குச் சற்று மேலே அமைய வேண்டும். தாழ்வாக இருந்தால் பின்னால் குறுக்குக் குழாய் எவ்வளவு சரியான உயரத்தில் இருந்தாலும் பட்டை துளையின் விளிம்பில் மடிந்து தோளைக் கீழே அழுத்தும்.

இனி இரண்டாம் கட்டக் கேள்விகள். ஹான்ஸ் அணிபவருக்கு இரண்டு அங்குலத் தோள் பட்டை அந்தக் கருவியின் தோள் வாய்க்காலில் நன்றாகப் படியும். அணியாதவருக்கு மூன்று அங்குலம் சுகமாக இருக்கலாம், ஆனால் அணியாமல் ஹார்னஸ் கட்டுவதே கேள்விக்குரியது என்று முன்பே பார்த்தோம். இடுப்பிலும் இரண்டு அங்குலப் பட்டை எலும்பின் முன்விளிம்புக்குக் கீழே உள்ள பள்ளத்தில் எளிதாக உட்காரும். பாலியெஸ்டர் பட்டை நைலானைவிடக் குறைவாக நீளும். வெயிலையும் ஈரத்தையும் அதைவிட நன்றாகத் தாங்கும். பக்கிளில், கால் சுற்று திருப்பினால் எல்லா முனைகளும் ஒரே நேரத்தில் விடுபடும் கேம் லாக் பொதுப் பயன்பாட்டுக்கு ஏற்றது. மண் தடங்களில் ஓட்டுபவர்கள் புழுதியால் அது சிக்கிக்கொள்ளும் என்பதற்காக நெம்புகோல் வகைப் பக்கிளை விரும்புகிறார்கள். இடுப்புப் பட்டையை மேல்நோக்கி இழுத்து இறுக்கும் வகையா, கீழ்நோக்கி இழுக்கும் வகையா என்பதைச் சீட்டில் அமர்ந்து கையை நீட்டிப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். பக்கவாட்டு அணைப்பு உயர்ந்த சீட்டில் கீழ்நோக்கி இழுக்க முழங்கைக்கு இடமிருக்காது.

தர முத்திரையைப் பார்க்காமல் ஹார்னஸை வாங்கக் கூடாது. எஃப்ஐஏவின் தற்போதைய ஹார்னஸ் தரம் 8853-2016. அதன் முத்திரையில் எந்த ஆண்டுக்குப் பிறகு செல்லாது என்பது அச்சிடப்பட்டிருக்கும், அது தயாரிப்பு ஆண்டிலிருந்து ஐந்து ஆண்டு. அமெரிக்காவின் பந்தயப் பாதுகாப்புத் தர அமைப்பான எஸ்எஃப்ஐயின் 16.1, 16.5 தரங்களில் முத்திரையில் துளையிட்டிருக்கும் தயாரிப்புத் தேதியிலிருந்து இரண்டு ஆண்டு மட்டுமே. ஆகவே தள்ளுபடியில் கிடைக்கும் புதிய பெல்ட்டின் ஆயுளில் பாதி கிடங்கிலேயே கழிந்திருக்கக்கூடும். பயன்படுத்திய ஹார்னஸை வாங்குவதில் அதைவிடப் பெரிய தயக்கம் வேண்டும்: ஒரு மோதலில் நீண்ட பட்டை கண்ணுக்கு நல்லதாகவே தெரியலாம், ஆனால் இரண்டாவது மோதலில் அது முதல் முறை போல் நீளாது. நிறம் வெளுத்தது, விளிம்பில் பிசிறு எழுந்தது, தொட்டால் விறைப்பாக இருப்பது, பேட்டரி அமிலம் பட்டது ஆகிய எதையும் தையல் போட்டுச் சரிசெய்ய இயலாது.

எல்லாம் பொருத்திய பிறகு இறுக்கும் வரிசை ஒன்று உண்டு. முதலில் இடுப்புப் பட்டை, இடுப்பெலும்பின் முன்முனைகளுக்குக் கீழே, வலிக்கத் தொடங்கும் அளவுக்கு இறுக்க வேண்டும். பிறகு கவட்டுப் பட்டைகளைத் தொய்வு போகும் அளவுக்கு மட்டும் இழுக்க வேண்டும். கடைசியாகத் தோள் பட்டைகள். இந்த வரிசையை மாற்றித் தோளை முதலில் இறுக்கினால் பக்கிள் மேலேறி, இடுப்புப் பட்டையை வயிற்றுக்குக் கொண்டுவந்துவிடும். அப்படி அணிந்த ஆறு முனை ஹார்னஸ் நான்கு முனை ஹார்னஸைப் போலவே நடந்துகொள்ளும். முதல் சுற்று ஓட்டியதும் பட்டைகள் படிந்து சிறிது தளரும் என்பதால் நிறுத்தி ஒருமுறை மறுபடி இறுக்குவது நல்லது. ஹெல்மெட்டும் கையுறையும் அணிந்த நிலையில், கண்ணை மூடிக்கொண்டு பக்கிளைத் தேடித் திருகி, பட்டைகளை உதறிவிட்டு, ஹான்ஸ் கருவி சீட்டின் பக்க அணைப்பில் சிக்காமல் கதவு வழியே வெளியே வரப் பழகிய பிறகே அந்தக் காரில் வேகமாக ஓட்ட வேண்டும்.